மூன்று தலையணை வைத்தும் தூங்க முடியவில்லை

தென்மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து 27 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவருக்கு இது தலைப்பிரசவம், 34-வது வாரம் நடக்கிறது. வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. கணவர் திருப்பூரில் வேலையில் இருக்கிறார்.

ஐந்தாம் மாதத்திலிருந்தே படி ஏறினால் மூச்சு வாங்குமாம். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இரண்டு வாரமாக நடுராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு மூச்சு முட்டி விழித்துக்கொள்கிறார். ஜன்னலோரம் போய்க் கால் மணி நேரம் உட்கார்ந்தால்தான் தணிகிறது. ஒரு தலையணையில் படுத்தவருக்கு இப்போது மூன்று தேவைப்படுகிறது. கூடவே வறட்டு இருமல், நெஞ்செரிச்சல், மூக்கடைப்பு. சாயங்காலம் ஆனால் இரண்டு காலும் வீங்குகின்றன.

ஒரு மாதத்துக்கு முன் பார்த்தபோது ஹீமோகுளோபின் 9.2 இருந்திருக்கிறது. மலச்சிக்கல் வருகிறது என்று சத்து மாத்திரையை நிறுத்திவிட்டார். “அதைச் சாப்பிட்டா பிள்ளை கறுப்பா பொறக்கும்” என்று பக்கத்து வீட்டில் சொன்னதும் ஒரு காரணம். சிறு வயதிலிருந்தே வீசிங் உண்டு, மழைக்காலத்தில் இன்ஹேலர் எடுப்பார். கர்ப்பம் உறுதியானதும் அதையும் விட்டுவிட்டார். கணவர் வாங்கி அனுப்பிய பல்ஸ் ஆக்சிமீட்டர் 97 காட்டுகிறது. ஒருநாள் இரவு பயந்துபோய்ப் பக்கத்து ஊர் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். பணியில் இருந்தவர், “எட்டு மாசத்துல எல்லாருக்கும் இப்படித்தாம்மா” என்று பிரஷர்கூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டாராம்.

“இது சகஜம்தானா? எனக்கு மூச்சு முட்டும்போது பிள்ளைக்கு மூச்சு கிடைக்குமா? இடது பக்கமே படு என்கிறார் அத்தை. எழுந்து உட்கார்ந்துதான் மறுபக்கம் திரும்பணும், இல்லையென்றால் கொடி சுற்றிக்கொள்ளும் என்கிறார் அம்மா. அடுத்த செக்கப்புக்கு 12 நாள் இருக்கிறது, அதுவரை பொறுக்கலாமா? ஈஸி சேரில் தூங்கலாமா?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

12 நாள் பொறுக்க வேண்டாம். கடிதம் என் கைக்கு வந்த அன்றே ஆசிரியர் குழு மூலம் உங்களுக்கு இதைச் சொல்லி அனுப்பினேன். மறுநாள் காலையே போய்க் காட்டச் சொன்னேன். இங்கே எழுதுவது அதன் விரிவு. உங்களைப் போலவே இந்த நேரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

உங்களைப் பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை. நீங்கள் எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் கர்ப்பத்தின் இயல்பான வேலைதான். ஆனால் மீதியைப் பார்க்காமலே சகஜம் என்று சொல்ல என்னால் முடியாது. அந்தச் சொல்லைப் பரிசோதித்த பிறகுதான் சொல்ல வேண்டும்.

படி ஏறினால் வாங்கும் மூச்சு

கர்ப்பிணிக்கு மூச்சு வாங்கினால், பிள்ளை வளர்ந்து நெஞ்சை முட்டுகிறது என்பார்கள். அது பாதி உண்மை. வயிறு தெரியாத மூன்றாம், நான்காம் மாதத்திலேயே பலருக்கு மூச்சு வாங்குகிறதே, அங்கே யார் முட்டுகிறார்கள்? புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன், மூளையில் மூச்சைக் கட்டுப்படுத்தும் இடத்தைத் தூண்டிவிடுகிறது. ஒவ்வொரு மூச்சும் ஆழமாகிறது. ஒரு நிமிடத்தில் நுரையீரலுக்குள் போய்வரும் காற்று வழக்கத்தைவிட 30 முதல் 50 சதவீதம் கூடுகிறது. உடம்பு கூடுதலாக மூச்சு விடுகிறது, அதை நாம் ‘மூச்சு போதவில்லை’ என்று உணர்கிறோம். ஆரோக்கியமான கர்ப்பிணிகளிலேயே பாதிப் பேருக்கு மேல் ஏதாவது ஒரு கட்டத்தில் இதைச் சொல்வார்கள்.

கடைசி மூன்று மாதத்தில் வயிற்றின் பங்கும் சேர்கிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம் சுமார் 4 செ.மீ. மேலே தள்ளப்படுகிறது. இயற்கை அதற்கு ஈடாக விலா எலும்புக்கூட்டை அகலமாக்கிக் கொடுக்கிறது. (ஜாக்கெட் பட்டன் போட முடியவில்லை என்பதற்கு மார்பு பெரிதானது மட்டும் காரணமில்லை.) அதனால் உள்ளே போகும் காற்றுக்குப் பெரிய குறையில்லை. மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் தங்கும் கையிருப்புக் காற்றுதான் குறைகிறது, படுத்தால் இன்னும் குறைகிறது.

இந்த வகை மூச்சுவாங்கலுக்கு ஒரு குணம் உண்டு. மெதுவாக வரும். வாரக்கணக்கில் ஒரே அளவில் இருக்கும். உட்கார்ந்து பேசும்போது பெரிதாகத் தெரியாது. தலைப்பிரசவத்தில் 36 வாரத்தை ஒட்டிக் குழந்தையின் தலை இடுப்புக்குள் இறங்கியதும் பலருக்குக் கொஞ்சம் லேசாகிவிடும். நீங்கள் ஐந்தாம் மாதத்திலிருந்து சொல்வது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

தூக்கத்திலிருந்து எழுப்பும் மூச்சு

என்னை நிறுத்திப் படிக்க வைத்தவை மூன்று விஷயங்கள். புதிதாக இரண்டு வாரத்தில் கூடியிருக்கிறது. நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பவரை எழுப்புகிறது. தலையணை ஒன்றிலிருந்து மூன்றாகியிருக்கிறது. மருத்துவர்களான எங்களுக்குத் தலையணை எண்ணிக்கை என்பது ஒரு பரிசோதனை முடிவு மாதிரி. நீங்களாகவே அதைக் கவனித்து எழுதியது பெரிய உதவி.

எனக்கு இப்படித் தோன்றக் காரணம் இருக்கிறது. நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் 32 வார கர்ப்பிணி ஒருவர் விடியற்காலையில் வந்தார். மூன்று வாரமாகச் சுவரில் சாய்ந்துதான் தூங்குகிறார். “பிள்ளை மேலே ஏறி நிக்குது” என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். பிரச்சினை பிள்ளையிடம் இல்லை, அவருடைய இதய வால்வில் இருந்தது. சிறுமியாக இருந்தபோது வந்த ருமாட்டிக் காய்ச்சல், மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. அதுவரை வயலில் வேலை செய்துகொண்டு சாதாரணமாகத்தான் இருந்திருக்கிறார். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் கூடும். 32 வாரத்தை ஒட்டி அது உச்சத்துக்கு வரும். சுருங்கிய வால்வு அந்தப் பெருக்கைத் தாங்காமல், ரத்தம் நுரையீரலில் தேங்கியது. மருந்து கொடுத்தோம், தேறினார், நல்லபடியாகப் பிரசவமும் ஆனது. ஆனால் இன்னும் ஒரு வாரம் தாமதித்து வந்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்றைக்கும் போகவில்லை.

படுத்ததும் ஏன் கூடுகிறது? பகலெல்லாம் காலில் இறங்கி நிற்கும் நீர், படுத்த பிறகு மெதுவாக ரத்தத்தில் கலந்து நெஞ்சுக்குத் திரும்புகிறது. இதயம் சரியாக இருந்தால் அதைச் சமாளித்துவிடும். பலவீனமாக இருந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் நுரையீரல் நிரம்பி, ஆள் திணறி எழுந்துவிடுவார். உட்கார்ந்தால் தணியும். வால்வு மட்டுமல்ல, இதயத் தசையே பலவீனமாகும் ஒரு நோய் கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து பிரசவமான ஐந்து மாதம் வரைக்கும் வரக்கூடும். அதற்கு முன்பு எந்த இதயக் கோளாறும் இருந்திருக்க வேண்டியதில்லை.

உங்களுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. இது அரிது. ஆனால் இல்லை என்று உறுதி செய்வது சுலபம். எக்கோ என்பது வயிற்றுக்கு எடுத்த ஸ்கேன் மாதிரியே ஒலி அலையால் இதயத்தைப் பார்ப்பதுதான். கதிர்வீச்சு கிடையாது, குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. சுலபமாகப் பார்த்துவிடக்கூடிய ஒன்றை ஊகத்தில் விட எனக்கு மனம் வராது. சிறு வயதில் அடிக்கடி தொண்டை வலி, காய்ச்சலோடு முட்டி வீக்கம், மாதாமாதம் ஊசி போட்டது என்று ஏதாவது நடந்ததா? அவை ருமாட்டிக் காய்ச்சலின் தடயமாக இருக்கலாம். உங்கள் அம்மாவைக் கேளுங்கள். இதை நீங்களே மறந்திருப்பீர்கள், அவர் மறந்திருக்க மாட்டார்.

நீங்கள் கைவிட்ட இன்ஹேலர்

உண்மையைச் சொன்னால், பந்தயம் கட்டச் சொன்னால் நான் வீசிங் மேல்தான் கட்டுவேன். ஆஸ்துமா இரவிலும் விடியற்காலையிலும்தான் கூடும். வறட்டு இருமல் அதன் முதல் அடையாளம். கர்ப்பத்தில் ஆஸ்துமா மூன்றில் ஒருவருக்குக் கூடும், ஒருவருக்குக் குறையும், ஒருவருக்கு அப்படியே இருக்கும் என்பது எங்கள் பழைய கணக்கு. கூடும்போது பெரும்பாலும் 24 முதல் 36 வாரத்துக்குள் கூடும். நீங்கள் சரியாக அந்த இடத்தில் இருக்கிறீர்கள், மருந்து இல்லாமல்.

குழந்தைக்கு ஆகாது என்று நிறுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் கணக்கு தலைகீழ். சால்புடமால், பியூடெசோனைடு போன்ற இன்ஹேலர்களைக் கர்ப்பத்தில் பல காலமாகக் கொடுத்துவருகிறோம். மருந்து மைக்ரோகிராம் அளவில் நேராக நுரையீரலுக்குப் போகிறது. குழந்தைக்கு உண்மையில் கெடுதல் செய்வது கட்டுப்படாத வீசிங்தான். இன்ஹேலர் பழகிப்போகும் என்பதும் சரியில்லை. கண்ணாடி போட்டுப் பார்ப்பவருக்குக் கண்ணாடி பழகிப்போவது மாதிரிதான் அது. ஆனால் பழைய இன்ஹேலரைப் பரணிலிருந்து எடுத்து நீங்களாகவே அடிக்க ஆரம்பிக்காதீர்கள். காலாவதியாகியிருக்கும். மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டு, எந்த மருந்து, எத்தனை முறை என்று சொல்லட்டும்.

இன்னொன்று. அம்மா வீட்டுக்கு வந்து மூன்று வாரம், மூச்சு முட்டத் தொடங்கி இரண்டு வாரம். அந்த வீட்டில் கொசுவர்த்திச் சுருள் ஏற்றுகிறார்களா? செவ்வாய், வெள்ளி சாம்பிராணி உண்டா? விறகடுப்புப் புகை உங்கள் அறைக்கு வருகிறதா? பழைய பஞ்சுத் தலையணையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்களா? இவை எதையும் உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட் சொல்லாது. சுருளை இன்றைக்கே நிறுத்திக் கொசுவலைக்கு மாறுங்கள்.

வீசிங் இருப்பதைத் தாய் சேய் நல அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் ஊசிகளில் கார்போபுரோஸ்ட் என்று ஒன்று உண்டு. ஆஸ்துமாக்காரர்களுக்கு அது மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். அந்த அவசரத்தில் உங்களைக் கேட்டு அறிய யாருக்கும் நேரம் இருக்காது.

9.2 என்ற எண்

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் குறைந்தால் ரத்தசோகை. 7-லிருந்து 9.9 வரை நடுத்தர அளவு. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேர் ரத்தசோகை உள்ளவர்கள். அத்தனை பேருக்கு இருப்பதாலேயே யாரும் அதிர்ச்சி அடைவதில்லை. 9.2 மட்டும் உங்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பாது. ஆனால் வேறு எந்தக் காரணம் இருந்தாலும் அதை இரட்டிப்பாக்கும். அதுவும் ஒரு மாதத்துக்கு முந்தைய எண். மாத்திரையை நிறுத்திய பிறகு இன்று என்ன இருக்கிறது என்று தெரியாது.

பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்பதை விட்டுத்தள்ளுங்கள். மாத்திரையால் கறுப்பாவது உங்கள் மலம் மட்டும்தான், அதுவும் கெடுதல் இல்லை. பிள்ளையின் நிறம் உங்கள் இருவர் குடும்பத்திலிருந்து வருவது. எந்த நிறத்தில் பிறந்தாலும் உங்கள் பிள்ளைதானே!

அரசு கொடுக்கும் மாத்திரையில் 60 மி.கி. இரும்பு இருக்கிறது. எலுமிச்சைச் சாற்றோடு எடுத்தால் உடம்பில் நன்றாகச் சேரும். காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்து எடுத்தால் பாதி வீண். இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். மலச்சிக்கல் தாங்கவில்லை என்றால் மாத்திரையை மாற்றித் தரச் சொல்லலாம். பிரசவத்துக்கு ஆறு வாரம்தான் இருப்பதால், நரம்பு வழியாக அயர்ன் சுக்ரோஸ் ஏற்றலாமா என்றும் கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே ஏற்றுகிறார்கள். என் கணிப்பில் உங்களுக்கு அதுதான் சரியாக வரும். ரத்தம் ஏற்ற வேண்டிய கட்டத்தில் நீங்கள் இல்லை.

அப்புறம் அந்த ஆக்சிமீட்டர். 97 நல்ல எண். கர்ப்பிணிக்கு 95-க்குக் குறையக் கூடாது. மருதாணி அடர்த்தியாகச் சிவந்த விரலிலும் நகப்பூச்சு உள்ள விரலிலும் சில நேரம் தப்பாகக் காட்டும், வேறு விரலில் வைத்துப் பாருங்கள். ஆனால் அந்தக் கருவி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்துகொள்ளுங்கள். பஸ்ஸில் சீட்டெல்லாம் நிரம்பியிருக்கிறதா என்று அது சொல்லும். ரோட்டில் எத்தனை பஸ் ஓடுகிறது என்று சொல்லாது. ரத்தசோகையில் பஸ்ஸே குறைவு, ஓடுகிற பஸ் எல்லாம் நிறைந்தே ஓடும். இதயக் கோளாறின் ஆரம்பத்திலும் பகலில் 97, 98 காட்டலாம். எண் குறைந்தால் உடனே ஓடுங்கள், எண் நன்றாக இருக்கிறது என்று மட்டும் வைத்து வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

மற்றவை

நெஞ்செரிச்சல் வந்தால் பிள்ளைக்கு முடி நிறைய இருக்கும் என்று உங்கள் அம்மா சொல்லியிருப்பார். முடி இருக்கட்டும், இரைப்பை அமிலம் படுக்கும்போது தொண்டைக்கு ஏறினால் இருமலும் மூச்சடைப்பும் வரும். ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்குள் குறைவாக முடித்துவிட்டு, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள். கர்ப்பத்தில் மூக்கின் உள்சவ்வு வீங்கி அடைத்துக்கொள்வதும் உண்டு. அதற்கு உப்புநீர்ச் சொட்டு போதும். கடையில் கிடைக்கும் மற்ற மூக்குச் சொட்டுமருந்துகளைக் கேட்காமல் போடாதீர்கள். நீங்கள் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று பக்கத்தில் படுக்கும் அம்மாவைக் கேளுங்கள். அப்படியானால் அதுவும் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி, ஏனென்றால் ரத்தக்கொதிப்போடும் சர்க்கரையோடும் அதற்குத் தொடர்பு உண்டு. இருமல் இரண்டு வாரம் தாண்டினால் நம் ஊரில் காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் பார்த்துவிடுவது முறை.

இரண்டு காலும் சாயங்காலம் வீங்கிக் காலையில் வடிவது சகஜம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, முகமும் கையும் திடீரென ஊதினாலோ அது வேறு கதை.

பிள்ளைக்கு மூச்சு கிடைக்குமா?

கிடைக்கும். நீங்கள் திணறுவதாக உணரும் அதே விநாடியில் பிள்ளையும் திணறுவதில்லை. வயிற்றுக் குழந்தையின் ஹீமோகுளோபின் நம்முடையதைவிட ஆக்சிஜனை இறுக்கமாகப் பற்றி இழுக்கக்கூடியது. நீங்கள் ஆழமாக மூச்சு விடுவது, குழந்தையின் கரியமில வாயு உங்கள் பக்கம் வந்து வெளியேற வழி செய்கிறது. அம்மாவின் ஆக்சிஜன் உண்மையிலேயே இறங்கி நீடித்தால்தான் குழந்தைக்குப் பாதிப்பு. அது நடக்காமல் பார்க்கத்தான் உங்களை அனுப்புகிறேன்.

பிள்ளை எப்படி இருக்கிறது என்று சொல்ல உங்களைவிட நல்ல கருவி கிடையாது. ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு அசைவை எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் 10 அசைவு இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், வழக்கமாக எப்படி ஆடும் என்ற உங்கள் கணிப்பு. அது குறைந்ததாகத் தோன்றினால் அன்றைக்கே போங்கள், ஜூஸ் குடித்துவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

அத்தை சொன்னது, அம்மா சொன்னது

அத்தை சொல்வதில் பெரும்பகுதி சரி. 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்துத் தூங்கப் போகக் கூடாது. கர்ப்பப்பை, முதுகுப் பக்கம் இருக்கும் பெரிய ரத்தக்குழாய்களை அழுத்துகிறது. குழந்தை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்து மல்லாந்து தூங்குபவர்களுக்குக் கூடுகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிகிறது. மொத்தத்தில் அது அரிதான ஆபத்துதான். ஆனால் அதே ஆய்வுகளில் வலது பக்கம் படுத்தவர்களுக்கும் இடது பக்கம் படுத்தவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் இடுப்பு வலித்தால் வலது பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். நடுவில் விழிக்கும்போது மல்லாந்து கிடந்தால் பதற வேண்டாம், திரும்பிப் படுத்தால் போதும்.

அம்மா சொல்வதில் கொடி பற்றிய பகுதி தவறு. கொடி சுற்றுவது குழந்தை உள்ளே புரள்வதால், நீங்கள் வெளியே புரள்வதால் இல்லை. நாலு குழந்தைக்கு ஒன்று என்ற அளவில் கழுத்தில் கொடி சுற்றித்தான் பிறக்கிறது, பெரும்பாலானவை ஒரு தொந்தரவும் இல்லாமல். ஆனால் எழுந்து உட்கார்ந்து திரும்புவது இடுப்புக்கும் முதுகுக்கும் இதமாக இருந்தால் செய்யுங்கள். அம்மாவோடு இதற்குச் சண்டை போட வேண்டாம்.

போகும்போது எப்படிச் சொல்வது

அந்த இரவுப் பணியாளர் உங்களைப் பார்க்காமல் அனுப்பியது தவறு. எங்கள் துறையில் இது நடக்கிறது, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘மூச்சு வாங்குது’ என்று ஒரு இரவில் பத்துக் கர்ப்பிணிகள் சொல்வார்கள். நீங்கள் இப்படிச் சொல்லுங்கள்: “34 வாரம். படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தால் சரியாகிறது. தூக்கத்திலிருந்து எழுப்புகிறது. இரண்டு வாரமாகக் கூடுகிறது. வீசிங் உண்டு. ஹீமோகுளோபின் 9.2.” தாளில் எழுதிக் கையில் கொடுத்தாலும் சரி. இதைக் கேட்டுவிட்டுக் குழலை எடுக்காத மருத்துவர் குறைவு.

அங்கே பிரஷர், நாடித் துடிப்பு, ஆக்சிஜன், சிறுநீரில் புரதம், ஹீமோகுளோபின், நெஞ்சுச் சத்தம், ஈசிஜி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எக்கோ எங்கே எடுக்கலாம் என்று நீங்களே கேளுங்கள். நெஞ்சு எக்ஸ்ரே தேவை என்றால் மறுக்காதீர்கள். குழந்தைக்குப் போய்ச் சேரும் கதிர்வீச்சு மிக மிகக் குறைவு.

எங்கே போவது? ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்தில் என்றால் முதலில் அங்கே போகலாம். ஆனால் எக்கோவும் இதய மருத்துவரும் பெரிய மருத்துவமனையில்தான் இருப்பார்கள். அதனால் சீமாங்க் மையம் உள்ள அரசு மருத்துவமனைக்கு நேராகப் போவதே உங்கள் விஷயத்தில் நல்லது, 24 மணி நேரமும் மகப்பேறு அவசர சிகிச்சை அங்கே உண்டு. ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி நடக்கும் கர்ப்பிணிகள் முகாமில் மருத்துவர் பார்ப்பார், ஆனால் அந்தத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிக்குப் பரிசோதனை, மருந்து, ரத்தம், சிசேரியன் எல்லாம் இலவசம். அது உங்கள் உரிமை, யாரும் போடும் பிச்சை இல்லை. ரிப்போர்ட்டுகளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கணவர் உங்களைத் திருப்பூருக்கு அழைத்துப்போய்க் காட்ட நினைத்தால், அந்தப் பயணம் எக்கோ பார்த்த பிறகு இருக்கட்டும். ராத்திரி பஸ்ஸில் மணிக்கணக்காகக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து போகும் நிலையில் நீங்கள் இல்லை.

விடியும்வரை காத்திருக்கக் கூடாதவை

இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள்:

- உட்கார்ந்தாலும் தணியாத மூச்சுத் திணறல், ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாத நிலை
- உதடு, நாக்கு நீலமாவது, ஆக்சிமீட்டரில் 95-க்குக் கீழே நிற்பது
- நெஞ்சு வலி, மயக்கம், தாறுமாறான படபடப்பு
- இருமும்போது ரத்தம் அல்லது இளஞ்சிவப்பு நுரை
- திடீரென வந்த மூச்சடைப்போடு ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது. கர்ப்பத்தில் ரத்தம் உறையும் தன்மை கூடும், காலில் உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போகலாம்
- கடுமையான தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, அல்லது பிரஷர் 140/90-ஐத் தாண்டுவது
- குழந்தையின் அசைவு குறைவது

ஆம்புலன்ஸில் ஸ்ட்ரெச்சரில் மல்லாக்கப் படுக்க வைத்தால் மறுத்துவிடுங்கள். சாய்ந்து உட்கார்ந்தபடியே வருகிறேன் என்று சொல்லுங்கள்.

கடைசியாக, ஈஸி சேர். தாராளமாகத் தூங்கலாம். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. என் இரண்டாவது பிள்ளையைச் சுமந்தபோது கடைசி மாதத்தின் பாதி ராத்திரிகளை நான் அப்படித்தான் கழித்தேன். காலைத் தொங்கப்போடாமல் எதிரே ஒரு முக்காலியும் தலையணையும் வையுங்கள். கொஞ்சம் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்க, வலது இடுப்புக்கடியில் ஒரு போர்வையை மடித்துச் செருகுங்கள். கட்டிலில்தான் தூக்கம் வரும் என்றால், தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் செங்கல் வைத்து உயர்த்துங்கள். மூன்று தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும், நெஞ்சு உயராது. நாற்காலியைத் திண்ணையில் போடாமல் அம்மா படுக்கும் அறையிலேயே போடுங்கள். நீங்கள் எழுந்தால் அவருக்குத் தெரிய வேண்டும். எக்கோ முடிவு எப்படி வந்தாலும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.